குட்டிய அப்புறம் பாப்போம், மொதல்ல தாய காட்டுங்க

இந்த ஒரு வாரத்துல மூணு பேர் கேட்டுட்டாங்க, ஸ்கூல் லீவு விட்டாச்சுக்கா, பிள்ளைங்க நாய்க்குட்டி வேணும்னு ஒரே அடம், எங்க வாங்கலாம்னு. ஒவ்வொருத்தர்கிட்டயும் முக்கால் மணி நேரம் போன்ல பேசி தொண்டையே கட்டிப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரு எடத்துல எழுதி வச்சுரலாம்னு உக்காந்துட்டேன். நீளமா போகும், பொறுமையா படிங்க, ஏன்னா இதுல நான் பட்டது இருக்கு.

2019 மே மாசம். பையனுக்கு அப்ப எட்டு வயசு. லேப், அதாவது லேப்ரடார் குட்டி வேணும்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டே இருந்தான், சரின்னு ஆன்லைன் விளம்பரத்துல தேடுனோம். "ஒரிஜினல் லேப், டபுள் போன், 40 நாள், ரெண்டு ஊசி போட்டாச்சு, 8000 ரூபா"ன்னு போட்டு அவ்ளோ அழகா ஒரு போட்டோ. (டபுள் போன்னா எலும்பு தடியான நாயாம்.) போன் பண்ணுனா அந்த ஆள் ரொம்ப மரியாதையா பேசுனாரு. வீடு எங்கங்க, வந்து பாக்குறோம்னு சொன்னதுக்கு "நீங்க எதுக்கு மேடம் வெயில்ல அலையணும், நானே மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொண்டாந்து குடுத்துர்றேன்"ன்னாரு. என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு வார்த்தை கேட்டாரு, தாய பாக்க முடியுமான்னு. "தாய் தோட்டத்துல நிக்குது சார், வெளியாள் வந்தா கடிச்சிரும்"ன்னு சொன்னதும் நாங்களும் சரின்னு விட்டுட்டோம். அந்த பதில் அன்னைக்கு எங்களுக்கு ஞாயமா தான் பட்டுச்சு.

ஒரு மிக்சி அட்டைப்பெட்டி, உள்ள நாலா மடிச்ச பேப்பர், ஈரமா. ரெண்டு குட்டி இருந்துச்சு, ஒண்ணு தூங்குது, இன்னொண்ணு என் விரல புடிச்சு சப்புது. சப்புனத தான் எடுத்தோம். வயிறு உருண்டையா பந்து மாதிரி இருந்துச்சு, நல்லா சாப்பிடற குட்டி போலன்னு நான் சந்தோஷப்பட்டேன், அது அத்தனையும் குடல் புழுன்னு பின்னாடி தான் தெரிஞ்சுச்சு. ப்ரூனோன்னு பேர் வச்சான் பையன்.

மூணாம் நாள் ராத்திரி வாந்தி. பால் சேரலையோன்னு நெனச்சோம். காலைல எந்திரிச்சு பாத்தா ரத்தமா போயிருக்கு, அந்த வாடை இருக்கே, ஒரு தடவை மோந்தவங்க மறக்கவே மாட்டாங்க. தூக்கிக்கிட்டு ஓடுனோம். டாக்டரம்மா ஒண்ணுமே பேசல, கட்டவெரலால குட்டியோட உதட்ட லேசா தூக்கி பாத்தாங்க. "எத்தனை நாள்னு சொன்னாங்க?" "40 மேடம்." "இங்க பாருங்க, முன்பல்லே இப்ப தான் வெளிய எட்டிப் பாக்குது, பின்னாடி வெறும் ஈறு. இது 30 நாள் கூட ஆகியிருக்காதும்மா." அப்புறம் ஊசி போட்ட புக்க வாங்கி பொரட்டுனாங்க. தேதி இருக்கு, ஒரு கிறுக்கல் கையெழுத்து இருக்கு. "ஸ்டிக்கர் எங்க?"ன்னாங்க. தடுப்பூசி மருந்து பாட்டில்ல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி தேதியோட ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும், ஊசி போட்ட டாக்டர் அத உரிச்சு புக்குல ஒட்டி கையெழுத்து போட்டு சீல் வைப்பாரு. எங்க புக்குல அது ஒண்ணு கூட இல்ல. நாங்க அந்த புக்க வாங்கி தெறந்து கூட பாக்கல, வெளிய அட்டைல நாய்ப்படம் போட்டிருந்துச்சு, அதுவே போதும்னு இருந்துட்டோம்.

பார்வோ, குட்டிங்க குடல தாக்குற வைரஸ் நோய். மலத்துல ஒரு குச்சிய தொட்டு கிட்ல விட்டாங்க, ரெண்டு கோடு வந்துருச்சு. அஞ்சு நாள் டிரிப்ஸ் போடணும்னாங்க. ஜன்னல் கம்பில பாட்டில தொங்கவிட்டு, என் சுண்டுவிரல் மொத்தம் கூட இல்லாத அந்த முன்னங்கால்ல ஊசிய ஏத்தி, அது அசையாம இருக்கணும்னு பையன் பக்கத்துல உக்காந்து காதை தடவிக்கிட்டே இருந்தான். அஞ்சாம் நாள் காலைல டிரிப்ஸ் போட கூட்டிட்டுப் போற வழியிலயே ஆட்டோல என் மடில போயிருச்சு.

அந்த ஆளுக்கு போன் பண்ணுனேன், சண்டை போட கூட தெம்பில்ல, மத்த குட்டியவாவது டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொல்லத்தான் பண்ணுனேன். "அத வித்தாச்சு மேடம். உங்களுக்கு வேணும்னா அடுத்த வாரம் வேற குட்டி வருது, பாதி விலைக்கு தர்றேன்"ன்னாரு. அப்ப தான் ஒறைச்சுச்சு, இவருகிட்ட தாயும் இல்ல, தோட்டமும் இல்ல. எங்கெங்கயோ குட்டி போடுற எடத்துல இருந்து பெட்டில பஸ்ஸேத்தி வர வச்சு கைமாத்தி விடுற புரோக்கர்.

ஏன் இத்தனை சின்னதுல விக்கிறாங்கன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். கணக்கு போட்டு பாத்தா விளங்கிரும். பொறந்து மொத மூணு நாலு வாரம் குட்டிக்கு எல்லாமே தாய் பாத்துக்கும், பால் குடுக்கும், நக்கி சுத்தம் பண்ணும், ஆளுக்கு செலவு கம்மி. 30 நாளுக்கு மேல தான் செலவே ஆரம்பிக்குது. ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து, ஆறு எட்டு வாரத்துல மொத ஊசி, எட்டு குட்டி போடுற கழிச்சல அள்ளி அள்ளி கழுவணும். 30 நாள்ல தள்ளி விட்டுட்டா அத்தனை செலவும் மிச்சம், குட்டியும் பொம்மை மாதிரி இருக்கும், வாங்குறவங்களுக்கும் அது தான் புடிக்கும். ஆனா குட்டிக்கு 30 நாளுக்கு அப்புறம் வர்ற அந்த நாலஞ்சு வாரம் தான் முக்கியமே. கூடப் பொறந்ததுங்களோட கட்டிப்புரண்டு கடிச்சு வெளையாடும், ரொம்ப கடிச்சா மத்தது வீல்னு கத்தும், தாய் உறுமும், எவ்ளோ கடிச்சா வலிக்கும்னு அங்க தான் படிக்கும். அத படிக்காம வர்ற குட்டி தான் ஆறு மாசத்துல வீட்டாளுங்க கைய குதறி வைக்குது, அப்புறம் நாய் சரியில்லன்னு கொண்டு போய் ரிங்ரோட்டுல விட்டுட்டு வர்றாங்க.

ஊசி விஷயமும் அப்படி தான். தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்புல கொஞ்ச நாள் இருக்கும், அது இருக்கற வரைக்கும் நாம போடுற ஊசிய வேலை செய்ய விடாது. அதனால தான் டாக்டருங்க ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் வரைக்கும் திரும்ப திரும்ப போட சொல்றாங்க. 30 நாள் குட்டிக்கு "ரெண்டு ஊசி முடிஞ்சது"ன்னு ஒருத்தர் சொன்னா அது பொய்யா இருக்கும், இல்ல பிரயோஜனமில்லாத ஊசியா இருக்கும். இன்னொண்ணு, வீட்டுல பார்வோ வந்து குட்டி செத்திருந்தா ஒடனே இன்னொரு குட்டி கொண்டு வந்துராதீங்க. அந்த கிருமி மண்ணுல, தரைல மாசக்கணக்கா கெடக்கும், ஃபினாயிலுக்கெல்லாம் சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைச்சு தான் கழுவணும். நாங்க ப்ரூனோ படுத்த துணி, சட்டி எல்லாத்தையும் எரிச்சோம். அந்த நீலக்கலர் சட்டிய மட்டும் குடுக்க மாட்டேன்னு பையன் அழுதான், அதயும் புடுங்கித்தான் போட வேண்டியதா போச்சு.

இத விட என்னை உலுக்குனது வேற. ஒரு வருஷம் கழிச்சு, தெரு நாய்களுக்கு சோறு வைக்கிற தோழி ஒருத்தி போன் பண்ணா, லேப் ஒண்ணு ரோட்டோரம் கெடக்குது, ஆட்டோ புடிக்க முடியல, உன் கார கொண்டு வான்னு. போனேன். பெட்டை நாய். மடி எல்லாம் தொங்கி, நடந்தா தரைல ஒரசுற மாதிரி. நகம் வளந்து வளைஞ்சு சதைக்குள்ள எறங்கியிருந்துச்சு, மண்ணுல நடக்க விட்டிருந்தா நகம் தானா தேஞ்சிருக்கும், கூண்டுலயே இருந்தா தான் இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாங்க. முழங்கைல சிமெண்ட் தரைல படுத்து படுத்து காய்ச்சுப்போன தோலு. வயசு அஞ்சாறு தான் இருக்குமாம், பாத்தா பன்னெண்டு வயசு கெழவி மாதிரி. எத்தனை தடவை குட்டி போட்டிருக்குமோ, இனிமே போடாதுன்னு ஆனதும் எறக்கி விட்டுட்டு போயிட்டாங்க. கார் பின் சீட்டுல ஏத்தி நானும் பக்கத்துல உக்காந்தப்ப என் மடில தலைய வச்சுச்சு. அப்ப எனக்கு அந்த ஆள் சொன்னது தான் காதுல கேட்டுச்சு, "தாய் தோட்டத்துல நிக்குது, வெளியாள் வந்தா கடிச்சிரும்." நாம 8000 குடுத்து குட்டிய தூக்கிட்டு வர்றோம், அந்த 8000 இப்படி ஒரு தாய இன்னும் ஆறு மாசம் கூண்டுல வைக்கத்தான் போகுதுன்னு அன்னைக்கு புரிஞ்சுச்சு.

பாவமா இருக்குன்னு வாங்குறவங்க இருக்காங்க, நானும் அந்த ஈரப்பெட்டிய பாத்து அப்படி தான் நெனச்சேன், விட்டுட்டு போனா இது என்ன ஆகும்னு. மனசு நல்ல மனசு தான், ஆனா நாம ஒண்ண எடுத்ததும் அந்த பெட்டில அடுத்தது வந்து உக்காந்துரும். உண்மைலயே காப்பாத்தணும்னு தோணுனா தெருவுல எத்தனையோ குட்டி இருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கும் மழைக்கும் ஏத்த நாய், காசே வேணாம், எடுத்துட்டு வந்து ஊசி போட்டு வளங்க, என்னைக் கேட்டா அது தான் மொத வழி. இல்ல, எனக்கு இந்த சாதி நாய் தான் வேணும்னா, அதுவும் தப்பில்ல, ஆனா சரியான எடத்துல வாங்குங்க.

சட்டம் இருக்கறதே நெறைய பேருக்கு தெரியாது. மத்திய அரசு 2017ல நாய் வளர்த்து விக்கிறவங்களுக்குன்னே தனியா விதி கொண்டு வந்துச்சு. மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணாம தொழிலா நாய் வளர்த்து விக்கக் கூடாது, அந்த சர்டிபிகேட்ட எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டி வைக்கணும். 8 வாரத்துக்கு கொறைஞ்ச குட்டிய விக்கவே கூடாது. பெட்டைக்கு 18 மாசம் ஆகாம மேட்டிங் விடக்கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல குட்டி போட வைக்கக் கூடாது, ஆயுசுக்கும் அஞ்சு தடவை தான். விக்கிற குட்டிக்கு ஊசி போட்டு மைக்ரோசிப் வச்சிருக்கணும். அடுத்த வருஷம், 2018ல, பெட் ஷாப்புக்கும் தனி விதி வந்துச்சு. மைக்ரோசிப்னா பயப்படாதீங்க, அரிசி அளவு தான் இருக்கும், தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கடில ஊசி மாதிரி போடுறது, ஸ்கேனர காட்டுனா 15 இலக்க நம்பர் வரும். வாங்குறதுக்கு முன்னாடி அந்த நம்பரும் பேப்பர்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாத்துக்கோங்க.

சரி, நல்லவங்கள எப்படி கண்டுபுடிக்கிறது. எனக்கு அத கத்துக்குடுத்தது கோவில்பட்டி பக்கத்துல ஒரு அண்ணாச்சி. லேப் வேணாம், நம்ம ஊரு நாயே வாங்குவோம்னு சிப்பிப்பாறை தேடி போனோம். மூணு தலைமுறையா வளக்குறாங்க. போனதும் மோர் குடுத்தாரு. குட்டிய காட்டல. கேள்வியா கேட்டாரு. "எங்க தாயி இருக்கீக, தனி வீடா மாடி வீடா?" மாடி வீடு அண்ணாச்சி, ரெண்டாவது மாடி. "வீட்ல பகல்ல யாரு இருப்பா?" நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போயிருவோம், அத்தை இருக்காங்க, அவங்களுக்கு முழங்கால் வலி. "அப்ப யாரு ஓட்டத்துக்கு கூட்டிட்டு போவா?" எங்களுக்கு பதில் இல்ல. "இது முயல் வெரட்டுன நாய் தாயி. ஓடலைன்னா அதுக்கு கிறுக்கு புடிச்சிரும், வீட்ட பேத்துரும், நீங்களும் கட்டிப்போடுவீக. உங்க வீட்டுக்கு நான் குடுக்க மாட்டேன், கோச்சுக்காதீக." பத்தாயிரம் ரூபா கைல வச்சுக்கிட்டு நிக்கிறோம், வேணாம்னு சொல்லிட்டாரு.

ஆனா தாய காட்டுனாரு. வேப்ப மரத்தடில படுத்திருந்துச்சு, மெலிஞ்ச உடம்பு தான், அந்த சாதிக்கே அப்படி, ஆனா தோலு பளபளன்னு. அண்ணாச்சி விரல மடக்குனதும் எந்திரிச்சு வந்து எங்க கைய மோந்து பாத்துட்டு திரும்ப போய் குட்டிங்க நடுவுல படுத்துக்கிச்சு. வெளியாள் வந்தா கடிக்கிற தாய்னு சொன்னாங்களே, இங்க நாங்களும் வெளியாளு தான்.

திரும்பி வர்ற வழியெல்லாம் பையன் மூஞ்சிய தூக்கி வச்சிருந்தான். எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை கூடிக்கிட்டே வந்துச்சு. அவரே ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி, திண்டுக்கல்ல ஒரு அம்மா இருக்காங்க, ரெண்டு லேப் வச்சிருக்காங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா தான் குட்டி எடுப்பாங்க, பேசிப் பாருங்கன்னு நம்பர் குடுத்தாரு.

அந்தக்காகிட்ட பேசுனா குட்டி இல்ல, இன்னும் அஞ்சு மாசம் ஆகும்னாங்க. காத்திருந்தோம். நல்ல எடத்துல எப்பவும் குட்டி ரெடியா இருக்காது, வருஷம் முழுக்க, அதுவும் பத்து சாதி குட்டி ஒரே ஆள்கிட்ட கெடைக்குதுன்னா அது கடை தான், வளப்பு கெடையாது. அஞ்சு மாசத்துல ரெண்டு தடவை வர சொன்னாங்க, ஒரு தடவை தாய பாக்க, இன்னொரு தடவை குட்டிங்க அஞ்சு வாரம் ஆனப்ப. அன்னைக்கு ஒரு பெரிய எக்ஸ்ரே பிலிம எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு காட்டுனாங்க. தாயோட இடுப்பெலும்பு. லேப்புக்கும் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு வெலகுற கோளாறு பரம்பரையா வரும், பந்து மாதிரி இருக்கற எலும்பு கிண்ணத்துக்குள்ள சரியா உக்காரணும், உக்காரலைன்னா நாலஞ்சு வயசுலயே பின்னங்கால இழுத்துக்கிட்டு நடக்கும். தாய்க்கும் அப்பனுக்கும் ரெண்டு வயசு முடிஞ்சப்பறம் இந்த எக்ஸ்ரே எடுத்து, சரியா இருந்தா தான் மேட்டிங் விடணும். "இந்த கிண்ணத்த பாருங்கம்மா, எப்படி புடிச்சு உக்காந்திருக்கு"ன்னு விரல வச்சு காட்டுனாங்க. பத்து பேர் கிட்ட விசாரிச்சிருப்பேன், இத காட்டுனது அவங்க ஒருத்தங்க தான். சோறு வடிச்ச கை ஈரத்தோட வந்து, பிலிம் நனஞ்சிரும்னு மணிக்கட்டுல முட்டுக்குடுத்து புடிச்சிருந்தாங்க, அது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

60ஆம் நாள் குடுத்தாங்க. விலை மத்த எடத்த விட அதிகம் தான், ஆனா ப்ரூனோவுக்கு வாங்குன காசு, ஆஸ்பத்திரி காசு, எல்லாம் கூட்டுனா இதுக்கு பக்கத்துல வந்துரும், மனசு பட்டதுக்கு கணக்கே கெடையாது. ஸ்டிக்கர் ஒட்டுன புக், என்ன தீனி எத்தனை மணிக்குன்னு கைல எழுதுன ரெண்டு பக்கம், தாய் வாடை பட்ட ஒரு துண்டுத்துணி, மொத ராத்திரி அழாம இருக்க. அப்புறம் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனாங்க, என்னைக்காவது வச்சுக்க முடியலைன்னா தெருவுல விடாம, வேற யாருக்கும் தள்ளி விடாம, தன்கிட்டயே திருப்பி குடுக்கணும்னு. பத்து வயசானாலும் எடுத்துக்குவாங்களாம். இத சொல்ற ஆள்கிட்ட கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்.

பேப்பர் பத்தியும் நெறைய பேர் கேக்குறாங்க. கென்னல் கிளப், அதாவது சாதி நாய்கள பதிவு பண்ற சங்கம், குடுக்கற பேப்பர்ங்கறது அப்பன் யாரு ஆத்தா யாருங்கற வம்சாவளி தான், உடம்பு நல்லா இருக்குங்கறதுக்கு அது அத்தாட்சி ஆகாது. அதுலயும் ஒரே ஈத்துக் குட்டிக்கு பேப்பரோட ஒரு விலை, பேப்பர் இல்லாம ஒரு விலைன்னு சொன்னா அங்க ஏதோ சரியில்ல, அப்பன் ஆத்தா ரெண்டும் பதிவாகியிருந்தா எல்லா குட்டிக்கும் பேப்பர் வரணும்ல. டபுள் போன், பஞ்ச் ஃபேஸ், டீகப், இதெல்லாம் யாவாரிங்க வச்ச பேரு, அப்படி தனி சாதி எதுவும் கெடையாது. வெளியூர் ஆளுன்னு சொல்லி போட்டோ மட்டும் அனுப்பி பாதி பணம் ஜிபே பண்ணுங்க, வண்டில ஏத்தி விடுறேன்னா போன வச்சிருங்க.

மதுரை வெயில்ல ஹஸ்கி வாங்குறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியும். பனில வண்டி இழுக்கறதுக்குன்னு ரெண்டு அடுக்கு முடியோட பொறந்தது, 40 டிகிரில பாத்ரூம் தரைல படுத்து மூச்சு வாங்குது. பக் நாய் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்துல வந்துச்சுன்னு ஊரே ஓடி ஓடி வாங்குச்சு, மூக்கு அமுங்கிப் போன அது பாதிக்கு மேல மூச்சு விட கஷ்டப்பட்டே வாழ்ந்து முடிஞ்சுச்சு. நம்ம நாயிலயும் இந்த கூத்து உண்டு. ராஜபாளையத்துக்கு 2005ல தபால்தலையே போட்டாங்க, அவ்ளோ பெருமை. ஆனா பால் வெள்ளை, ரோஸ் மூக்கு தான் வேணும்னு எல்லாரும் கேக்கப்போய், உள்ளுக்குள்ளயே சேத்து சேத்து, காது கேக்காத குட்டி பொறக்குது. முழு வெள்ளையா வாங்குறதா இருந்தா குட்டிக்கு பின்னாடி, அது பாக்காதப்ப, காத்து படாத தூரத்துல சாவிக்கொத்த குலுக்கி பாருங்க, காது திரும்பணும். தூங்கறப்பயும் ஒரு தடவை பாருங்க, கூட்டத்தோட இருந்தா மத்தது எந்திரிக்கறத பாத்து இதுவும் எந்திரிச்சிரும், தனியா வச்சு பாக்கணும்.

எங்க குட்டி பேரு மல்லி. இப்ப நான் எழுதறப்ப கால்மாட்டுல தான் கெடக்கா. போன மாசம் ரெண்டு வயசு எக்ஸ்ரே எடுத்தோம், குட்டி எடுக்கற எண்ணமெல்லாம் இல்ல, திண்டுக்கல் அக்கா கேட்டாங்க, தான் வளத்த குட்டிங்க எப்படி வளந்திருக்குன்னு தெரிஞ்சா தானே அடுத்து அந்த தாய விடலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்னு. பிலிம வாட்ஸ்அப்ல அனுப்புனேன், ஒடனே வீடியோ கால்ல வந்துட்டாங்க, மல்லிய நடக்க வச்சு காட்டுங்கன்னு.

மதுரை சுத்துவட்டாரத்துல யாராவது குட்டி பாக்க போறீங்கன்னா, என்ன கேக்குறதுன்னு தயக்கமா இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கெழமைன்னா நானும் கூட வர்றேன். போறதுக்கு முன்னாடி போன்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டு வைங்க, தாய் எங்க இருக்கு, அது இருக்கற எடத்துலயே வந்து பாக்கலாமான்னு. இல்லன்னு சொன்னா எனக்கு போன் பண்ண வேணாம், அந்த எடத்துக்கு நாம போகல.